பெட்ரோல் பம்பை மாற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுவை குறைந்தால் என்ன செய்வது என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. முதல் வேலையாக, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பை மாற்றச் சொன்னது அது. நான் யாங்கோனில் கார் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். கடைக்குப் பின்னாலேயே என் தம்பியின் வர்க்‌ஷாப். அந்தக் கட்டுரையைக் கடையில் வைத்து நான்தான் உரக்க வாசித்தேன். இங்கே டாக்சி ஓட்டும் நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்க வராது. யாராவது வாசித்தால் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்டு முடித்ததும் ஒரு தம்பி, "அப்ப எனக்கும் ஒரு பம்ப் குடுங்க அக்கா" என்றார். நான் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு பேச்சுதான்.

முதலில் பெட்ரோல் பம்பை மாற்றுங்கள், பிறகு ஃபில்டர், பிறகு பிளக், அதற்கும் சரியாகாவிட்டால் எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும் என்கிறது கட்டுரை. ஒவ்வொன்றையும் மாற்றச் சொல்கிறதே தவிர, எதையும் சோதிக்கச் சொல்லவில்லை. பத்திரிகையில் அச்சில் வந்த வரிசை என்றால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு வியாபாரம் நடக்கும். ஆனால் ஒரு டாக்சிக்காரர் வாரக்கணக்கில் ஓட்டிச் சேர்த்த காசைத் தவறான சாமானில் போட்டுவிட்டு, அதே கோளாறோடு திரும்பி வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

எங்கள் ஊர் நிலைமையைச் சொன்னால்தான் தங்கள் வாசகர்களுக்கு இது விளங்கும். பர்மாவில் 1970இல் சாலையின் வலப்பக்கமாக ஓட்டும் முறைக்கு மாறினார்கள். ஆனால் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. 2011இல் மிகப் பழைய வண்டியை அரசிடம் ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி செய்ய அனுமதி கிடைக்கும் என்ற திட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் 1990களின் பிற்பகுதியிலும் 2000ஐ ஒட்டியும் செய்யப்பட்ட கொரோலா, சன்னி, ஏ.டி. வேன், மார்க் டூ, பிறகு ப்ரோபாக்ஸ் என்று வந்து குவிந்தன. இன்று அவற்றில் பலவற்றுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. 2021க்குப் பிறகு எங்கள் நாணயமான சியாட்டின் மதிப்பும் விழுந்தது, இறக்குமதியும் இறுகியது. அசல் பம்ப் கிடைப்பதே அரிது. கிடைக்கிற டூப்ளிகேட் எத்தனை நாள் ஓடும் என்று விற்கிற எனக்கே உறுதி சொல்ல முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அசல் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு டூப்ளிகேட்டை மாட்டினால், இல்லாத கோளாறு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியதாகத்தானே ஆகும்?

"வண்டி இழுக்கல" என்று யாராவது வந்தால், சாமானை எடுத்துக் கொடுக்கும் முன் நான் கேட்பது, குறைந்திருப்பது எஞ்சினின் சக்தியா, வண்டியின் ஓட்டமா என்றுதான். ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்சையோ கியர்பாக்ஸையோ பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகவே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்வேன். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருவேறி இறுகுவது சகஜம். அடுத்தது ஆக்சிலேட்டர் கேபிள். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து எஞ்சினுக்குக் காற்றுவிடும் மடலான த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். கேபிள் தளர்ந்திருந்தாலும், பெடலுக்கு அடியில் கால்மிதி சுருண்டு கிடந்தாலும் த்ராட்டில் பாதிதான் திறக்கும். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கேஸில் ஓடும் டாக்சி என்றால் கையிலேயே நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. யாங்கோன் டாக்சிகளில் ஏராளமானவை 2004க்குப் பிறகு சி.என்.ஜி. என்ற அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டவை. பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். கேஸில் ஓடும்போது இழுவை கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு, அதைக் கோளாறு என்று நினைக்கக் கூடாது. ஆனால் திடீரென்று குறைந்தால் சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றி வண்டி திணறிய அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் பழைய இழுவை வந்துவிட்டால் கோளாறு கேஸ் பக்கத்தில். கேஸில் நன்றாக இழுத்துப் பெட்ரோலில் மட்டும் சோர்ந்தால் அப்போது பம்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்கலாம். இரண்டிலுமே சோர்ந்தால் எரிபொருளை விட்டுவிட்டுப் பிளக்கின் தீப்பொறி, காற்று, புகைப்போக்கி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) என்று தேட வேண்டும். பம்ப் கேட்ட அந்தத் தம்பியின் வண்டி கேஸிலும் பெட்ரோலிலும் ஒரே மாதிரி சோர்ந்தது. புதுப் பம்ப் அவருக்கு எதற்கு?

1990களின் டொயோட்டாக்களில் எஞ்சினின் கம்ப்யூட்டரே என்ன குறை என்று சொல்லும், அதற்கு ஸ்கேனர் வேண்டாம். பானட்டுக்கு அடியில் 'டயக்னாசிஸ்' என்று எழுதிய சின்ன மூடியுள்ள பெட்டி இருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்தத் துளைக்கு என்ன பெயர் என்று அச்சிட்டிருப்பார்கள். டி.ஈ.1 (TE1), ஈ.1 (E1) என்ற இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டும். ஒரே சீராக இடைவிடாமல் சிமிட்டினால் கம்ப்யூட்டரின் நினைவில் குறை எதுவும் இல்லை. மூன்று முறை சிமிட்டி, நின்று, ஒரு முறை சிமிட்டினால் 31, அதாவது எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் சென்சார். 22 என்றால் தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சார், 41 என்றால் த்ராட்டில் சென்சார். வேறு துளைகளைத் தவறுதலாக இணைத்தால் கம்ப்யூட்டர் பழுதாகலாம், அதனால் எழுத்துகளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கம்பியைச் செருக வேண்டும். 31 வந்ததும் சென்சாரை வாங்க ஓடிவருகிறவர்கள் உண்டு. எஞ்சினிலிருந்து அந்தச் சென்சாருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயை முதலில் பார்க்கச் சொல்லி அனுப்புவேன். இந்த ஊர் வெயிலுக்கு அது வெடித்துவிடும். வெடித்தால் கம்ப்யூட்டர் கணக்குத் தவறி அளவுக்கு மீறிப் பெட்ரோலைப் பீய்ச்சும், கரும்புகை வரும், இழுவை போகும். ஒரு விரற்கடைக் குழாய்த்துண்டுக்குச் சென்சாரை மாற்றுவது அநியாயம். விளக்கு சீராகச் சிமிட்டுகிறது என்பதற்காக எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெட்ரோல் அழுத்தம் குறைந்ததோ, சைலன்சர் பக்கம் அடைத்ததோ அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பெட்ரோலைச் சந்தேகிக்கும் வேளை வந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோலையே. எங்கள் நாட்டில் ஊருக்கு ஊர் சாலையோரம் பாட்டிலில் பெட்ரோல் விற்பார்கள். மே முதல் அக்டோபர் வரை மழை. தண்ணீர் கலந்துவிட வழி நிறைய. வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தனியாகத் தங்கிவிடும். பெட்ரோல் அடித்த அன்றே வண்டி திணறத் தொடங்கியிருந்தால் இதைச் செய்யாமல் வேறெதையும் தொடக் கூடாது. அடுத்து, திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதற்குப் பிறகு வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடினால், டேங்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. பம்புக்கு வரும் மின்சாரத்தையும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும், துருப்பிடித்த கனெக்டரால் பம்புக்கு 9 வோல்ட்தான் போகிறது என்றால் எந்தப் பம்பைப் போட்டாலும் அது சோர்ந்துதான் ஓடும். கடைசியாக அழுத்தக் கேஜ். அந்தக் காலத்து கொரோலா எஞ்சின்களில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு அளந்தால் 38 முதல் 44 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை இருக்க வேண்டும். அது இருந்தால் பம்பின் மேல் பழி போடக் கூடாது. நிற்கும்போது சரியாக இருந்து, பாரம் ஏறும்போது மட்டும் அழுத்தம் விழுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அடைத்த ஃபில்டர் அங்கேதான் அகப்படும்.

இனி, கட்டுரை ஒரு வரிகூட எழுதாத விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பெரிய வருத்தமும் இதில்தான்.

மண்டலேயில் இருக்கும் எங்கள் உறவுக்கார மாமா ஒருவர் பழைய கொரோலா வைத்திருக்கிறார். அங்கிருந்து பியின் ஊ லுவினுக்கு ஆட்களை ஏற்றிப் போவார். அந்த ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. வழியில் '21 மைல்' என்று பெயர்கொண்ட வளைவுப் பக்கம் வண்டி சக்தியைப் பிழிந்து எடுக்கும் ஏற்றம். ஒரு நாள் அந்த ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியருக்கு மேல் போக மறுத்தது. ஊருக்குள் ஓட்டினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சமதரையிலும் மணிக்கு 40 மைலுக்கு மேல் ஏறாது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும் என்றார். அங்கே ஒரு வர்க்‌ஷாப்பில் பம்பை மாற்றினார்கள். பிறகு ஃபில்டர், பிறகு பிளக். தங்கள் கட்டுரை சொன்ன அதே வரிசை. பிறகு, எஞ்சின் தேய்ந்துவிட்டது, பிரித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். அவர் போனில் அத்தையின் வளையலைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோதுதான், "எதையும் விற்காதீங்க மாமா, வண்டியைக் கொண்டாங்க" என்று சொல்லி வரவழைத்தோம்.

என் தம்பி கம்ப்ரஷன் பார்த்தான். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நல்ல அளவு. அந்த எஞ்சினில் சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. அப்படி வித்தியாசம் இல்லை. ஆக, பிரித்துக் கட்ட வேண்டும் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. பிறகு எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் வேக்குவம் கேஜை மாட்டினான். யாங்கோன் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர், இங்கே நல்ல எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். அதுவும் காட்டியது. எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றி அப்படியே பிடித்தான். முள் முதலில் சரியாக நின்றது. பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை, இறங்கிக்கொண்டே வந்தது.

புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்குகிறது என்பதற்கு அந்த மெதுவான இறக்கமே அடையாளம். உள்ளே இழுத்த மூச்சை வெளியே விட முடியாதவன் அடுத்த மூச்சை இழுக்க முடியுமா? அவ்வளவுதான் விஷயம். உறுதி செய்ய, எஞ்சின் ஆறியதும் புகைக்குழாயில் முன்பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினான். அந்தத் துளையில் அழுத்தக் கேஜை மாட்டிப் பார்த்தால், நல்ல வண்டியில் 2500 வேகத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் வராது. இதில் அதைவிட எங்கேயோ போனது. பிறகு அந்தத் துளையைத் திறந்தபடியே தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான். காது கிழியும் சத்தம், ஆனால் இழுவை திரும்பியிருந்தது. மாமா சீட்டிலிருந்து இறங்கவே இல்லை, இன்னொரு தடவை போகலாம் என்றார்.

பிறகு, புகைக்குழாயின் வழியில் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தோம். உள்ளே பீங்கானில் செய்த தேனடைபோன்ற பாகம் இருக்கும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அதன் சின்னச் சின்னக் கண்கள் வழியாகத்தான் புகை போக வேண்டும். இங்கே அந்தக் கண்களில் பெரும்பகுதி உருகி ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தது. தானாக உருகுமா? உருகாது. ஒரு சிலிண்டரின் பிளக் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்து, பல மாதமாக அந்தச் சிலிண்டர் அடிக்கடி மிஸ் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் பீங்கானும் உருகும். பிளக்கை மாற்றியவர்கள் ஒயரின் ரெசிஸ்டன்ஸை ஒரு தடவை அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஒயரை மாற்றாமல் புதுக் கன்வெர்ட்டர் மட்டும் போட்டிருந்தால் அதுவும் கொஞ்ச காலத்தில் உருகியிருக்கும். அடைப்பைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது, அடைத்ததற்குக் காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே பல இடங்களில் அந்தத் தேனடையைக் கம்பியால் குத்தி உடைத்துக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப வெல்டிங் செய்து கொடுத்துவிடுகிறார்கள். வண்டி இழுக்கும், கையிருப்பும் மிஞ்சும். காசில்லாதவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடையும் மற்ற நச்சுப் புகையையும் மாற்றி அனுப்பத்தான் அது அங்கே இருக்கிறது. ட்ராஃபிக்கில் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பது அந்தப் புகைக்கு நடுவில்தான். நல்ல நிலையில் உள்ள பழைய கன்வெர்ட்டர் இங்கே உடைத்து விற்கும் வண்டிகளில் கிடைக்கிறது. மாமாவுக்கு அப்படித்தான் ஒன்று தேடிப் போட்டோம்.

இன்னொன்று, எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட். ஒரு பல் நழுவினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், நின்று ஓடும், ஆனால் உயிரே இருக்காது. அப்போது வேக்குவம் முள் ஐடிலிலேயே தாழ்ந்து, ஆடாமல் நிற்கும். அடைப்பிலோ ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் இறங்கும். ஒரே கேஜ் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது, அதனால்தான் பழைய ஸாயாக்கள் (இங்கே மெக்கானிக் குருமாரை அப்படித்தான் அழைப்போம்) அதை விட்டுப் பிரிய மாட்டார்கள். மேற்படி கொரோலா எஞ்சின்களில் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஜப்பானில் ஓடிய கிலோமீட்டர் நிஜமா என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதால், வண்டி வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். இந்தப் பெல்ட்டை விற்க எனக்குத் தயக்கமே இல்லை.

இந்தச் சோதனைகளை எழுதும்போது எச்சரிக்கையையும் சேர்த்து எழுத வேண்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளை மயக்கிய பிறகும் தெரியாது. பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும், பக்கத்தில் சுருட்டோடு யாரும் நிற்கக் கூடாது. ஆக்சிஜன் சென்சாரைச் சூட்டோடு தொட்டால் கை வெந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பக்கத்தைக் கடல் தாண்டி இங்கேயும் வாசிக்கிறோம், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம். அதனால் அந்த வரிசையைத் திருத்தி மறுபடியும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வண்டியா எஞ்சினா என்று முதலில், பிறகு விளக்கின் சிமிட்டல், பிறகு பெட்ரோல் பாட்டில், அழுத்தக் கேஜ், வேக்குவம் கேஜ், புகைப்போக்கி, கம்ப்ரஷன். சாமான் வாங்குவது இவை எல்லாம் முடிந்த பிறகு. டயக்னாசிஸ் பெட்டியில் டி.ஈ.1 எங்கே, ஈ.1 எங்கே என்று ஒரு படமும், வேக்குவம் முள் எப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று இன்னொரு படமும் சேர்த்துப் போட்டீர்களானால் எழுத்து வாசிக்காதவர்களுக்கும் பயன்படும். வெளியானதும் பெரிதாக அச்செடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைக்கிறேன். பர்மியத்தில் கேட்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன்.

இப்படிக்கு,
உதிரிபாகக் கடைக்காரி ஒருத்தி,
யாங்கோன், மியன்மார்